நடுங்கிய கை, அச்சடித்த தாள்: மேடை பயத்தின் ஒரு வரலாறு

இந்த எபிசோடை ஸ்டுடியோவுல உட்கார்ந்து பேசல. கரடியூர்ல இருந்து பேசறேன். ஏற்காட்டுல காபித் தோட்டங்களுக்கு நடுவுல வர்ற ரோடு, அது வந்து முடியற மாதிரி ஒரு வியூபாயின்ட். காத்து சத்தம் அங்கங்க கேட்கும், பொறுத்துக்கோங்க. காலையில ஏழு மணி. கீழே சமவெளி முழுக்கப் பனி மூடி இருக்கு.

இங்க ஏன் வந்தேன்னு சொல்லிடறேன். எழுதறவங்க முப்பது பேர் சேர்ந்து, ரெண்டு நாள் ஏற்காட்டுல தங்கி எழுதலாம்னு வந்தோம். நேத்து ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஆளுக்கு ஐந்து நிமிஷம், எழுதினதைப் படிக்கணும். நான் எழுதியிருந்தது என் அம்மாயியைப் பத்தி. இதே மலையில காபிப் பழம் பறிச்சவங்க. என் முறை வந்தது, எழுந்தேன், போனைத் திறந்தேன். முதல் வரி கண்ணுக்குத் தெரியுது, வாய்க்கு வரல. தொண்டை சரியில்லைன்னு ஒரு பொய் சொல்லிட்டு உட்கார்ந்துட்டேன். யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தாக்கூட பரவாயில்லைன்னு தோணுச்சு.

வாரா வாரம் உங்ககிட்ட பேசற ஆள் நான். ஆனா இங்க எனக்கு முன்னாடி இருக்கறது ஒரு மைக். அங்க இருந்தது முப்பது முகம்.

ராத்திரி தூக்கம் வரல. இந்த மாதிரி மாட்டிக்கிட்ட இன்னொருத்தர் ஞாபகம் வந்தார். அவருக்கு இது ஒரு தடவை இல்லை, பல தடவை நடந்திருக்கு. லண்டன்ல நடந்தது, பம்பாய் கோர்ட்ல நடந்தது, பம்பாயோட பெரிய மண்டபம் ஒண்ணுல ஊர் முன்னாடியே நடந்தது. சரியா ஒரு மாசம் கழிச்சு அவர் சென்னையில பேசினார், கூட்டம் கொண்டாடியது. அந்த ஒரு மாசத்துக்குள்ள என்ன மாறுச்சு? இன்னைக்குக் கதை அதுதான்.

அவர் பேரு மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. நோட்டுல சிரிக்கிற தாத்தாவைக் கொஞ்ச நேரம் மறந்துடுங்க. நாம பார்க்கப் போறது இருபதுகள்ல இருக்கற, கோட்டு போட்ட, வேலை சரியா அமையாத ஒரு வக்கீலை.

லண்டனில் மூன்று தோல்விகள்

1888-ல் சட்டம் படிக்க லண்டன் போனார் காந்தி. அங்கே சைவ உணவுக்காரர்களின் சங்கம் ஒன்றில் சேர்ந்தார். அதன் நிர்வாகக் குழுவிலும் உறுப்பினர் ஆனார். எல்லாக் கூட்டத்துக்கும் போவார். ஆனால் ஒரு கூட்டத்திலும் வாய் திறக்க மாட்டார். பேசலாம் என்று நினைத்து வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். ஆபீஸ் மீட்டிங்ல, ஆன்லைன் கால்ல நம்மில் பாதிப் பேருக்கு நடக்கறது இதேதான் இல்லையா?

ஒரு நாள் பேசியே ஆக வேண்டிய விஷயம் வந்தது. குழுவில் டாக்டர் அல்லின்சன் என்று ஒருவர். கருத்தடையை ஆதரித்துப் பேசுகிறவர். சங்கத் தலைவர் ஹில்ஸுக்கு அது ஒழுக்கக்கேடாகத் தோன்றியது. அல்லின்சனை நீக்கத் தீர்மானம் வந்தது. காந்திக்கும் அல்லின்சனின் கருத்தில் உடன்பாடு இல்லை. ஆனால் இது சைவ உணவுச் சங்கம். உணவு விஷயத்தில் ஒத்துப்போகிற ஒருவரை வேறு காரணத்துக்காக வெளியே தள்ளக் கூடாது என்று நினைத்தார். வாயால் சொல்லத் துணிவில்லை. எழுதிக்கொண்டு போனார். அதையும் படிக்க முடியவில்லை; வேறொருவர் படித்தார். அல்லின்சன் தோற்றார்.

இதுல நான் கவனிச்சது ஒண்ணு உண்டு. அவருடைய முதல் சண்டையே, தான் ஒத்துக்கொள்ளாத ஒரு மனுஷனோட உரிமைக்காக. கருத்து தெளிவா இருந்துச்சு. எழுத்தும் தெளிவாத்தான் இருந்திருக்கணும். குரல்தான் வரல.

அடுத்தது வென்ட்னர் என்ற கடற்கரை ஊரில். சைவ உணவுப் பிரசாரக் கூட்டம். தன் பேச்சை ஒரே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். எழுந்து நின்றதும் கண் மங்கிவிட்டது, உடம்பு நடுங்கியது. கூட வந்த மஜும்தார்தான் அதைப் படித்து முடித்தார். மஜும்தார் நன்றாகவே பேசக்கூடியவர், கைதட்டல் கிடைத்தது. அதைப் பார்த்து இவருக்கு வந்தது வெட்கமும் வருத்தமும்.

மூன்றாவது, 1891-ல் ஊர் திரும்புவதற்கு முன். ஹோபர்ன் ரெஸ்டாரன்ட் என்ற பெரிய உணவகத்தில் நண்பர்களுக்கு இவரே விருந்து கொடுத்தார். ஒரு ஜோக்கோடு ஆரம்பிக்கலாம் என்று முன்கூட்டியே திட்டம் போட்டிருந்தார். எழுத்தாளர் அடிசன் பற்றிய பழைய கதை அது. நாடாளுமன்றத்தில் முதல் தடவை பேச எழுந்த அடிசன், ‘நான் கருதுவது’ என்ற பொருளில் வரும் ஒரு ஆங்கிலச் சொல்லை மூன்று தடவை சொல்லிவிட்டு மேலே போக முடியாமல் நின்றாராம். அந்தச் சொல்லுக்கு ‘கருத்தரிப்பது’ என்றும் ஒரு பொருள் உண்டு. உடனே ஒருவர் எழுந்து, இவர் மூன்று தடவை கருத்தரித்தும் ஒன்றும் பிறக்கவில்லையே என்று கேலி செய்தாராம். பயந்து போன ஒரு பேச்சாளரின் கதையைச் சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று காந்தி நினைத்தார். முதல் வாக்கியம் வந்தது. அதற்குமேல் எல்லாம் மறந்துபோனது. வந்ததற்கு நன்றி என்று ஒரு வரி சொல்லி உட்கார்ந்துவிட்டார். கதையில் வந்த அடிசன் நிலைமைதான் அவருக்கும்.

முப்பது ரூபாய் வழக்கு

இந்தியா வந்தார், பம்பாயில் வக்கீல் தொழில். முதல் வழக்கு, சின்ன வழக்குகளை விசாரிக்கும் கோர்ட்டில், மமிபாய் என்ற பெண்மணிக்காக. ஃபீஸ் முப்பது ரூபாய். ஒரே நாளில் முடிந்துவிடக்கூடிய வழக்கு. எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது. கோர்ட்டே சுற்றுவது மாதிரி இருந்தது. கேட்பதற்கு ஒரு கேள்வியும் தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டார். என்னால் முடியாது, படேல் என்ற வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஃபீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். படேல் ஐம்பத்தோரு ரூபாய் வாங்கிக்கொண்டு சுலபமாக வழக்கை நடத்தினார்.

அதன் பிறகு தென்னாப்பிரிக்கா போகும் வரை அவர் கோர்ட்டில் வாதாடவே இல்லை. ஆனால் மனு எழுதிக் கொடுத்தார். நிலத்தை இழந்த ஓர் ஏழைக்கு மனு எழுதினார், படித்த நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். பேச வராவிட்டாலும் எழுத வருகிறது என்ற நம்பிக்கை அங்கேதான் பிறந்தது. இந்த எழுத்துதான் பின்னால் அவர் உயிருக்கும் பேருக்கும் துணையா நிக்கப்போகுது. அதை மனசுல வெச்சுக்கோங்க.

அதே வருஷம் பிறந்த இன்னொருவர்

இங்க ஒரு நிமிஷம் நம்ம பக்கத்து ஊருக்கு வரலாம். மலைக்குக் கீழே இருக்கற சேலம்.

காந்தி பிறந்தது 1869 அக்டோபர் 2. அதற்குச் சரியாகப் பத்து நாள் முன்பு, செப்டம்பர் 22-ல், கும்பகோணம் பக்கம் வலங்கைமானில் பிறந்தவர் வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி. ஏழை புரோகிதரின் மகன். அவர் கொஞ்ச காலம் ஆசிரியராக இருந்தது சேலம் முனிசிபல் காலேஜில். 1894-ல் திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலுக்குத் தலைமை ஆசிரியராகப் போனார். பிற்காலத்தில் ‘வெள்ளி நாக்கு’ பேச்சாளர் என்று இங்கிலாந்துக்காரர்களே கொண்டாடிய ஆங்கிலம் அவருடையது. 1927-ல் இந்திய அரசின் முதல் ஏஜென்டாகத் தென்னாப்பிரிக்காவுக்கே போனார்.

ஒரே வயசு, கிட்டத்தட்ட ஒரே நாள். ஒருத்தருக்கு நாக்கு வெள்ளி. இன்னொருத்தருக்கு நாக்கு ஒட்டிக்குது. நம்ம கிளாஸ்லயும் ஆபீஸ்லயும் இப்படி ஒரு சாஸ்திரி இருப்பார். அவரைப் பார்த்துத்தான் நமக்கு இது வராதுன்னு முடிவு பண்ணிடறோம்.

இன்னொண்ணையும் சேர்த்து யோசிக்கணும். மேடையில நின்னு ஊரைப் பார்த்துப் பேசறதுங்கறது தமிழ்லயே ரொம்பப் பழைய பழக்கம் இல்லை. புராணப் பிரசங்கம் உண்டு, கதாகாலட்சேபம் உண்டு, கூத்து உண்டு. எல்லாவற்றிலும் பேசுகிறவருக்குத் துணையாக ஒரு நூலோ, பாட்டோ, வேஷமோ இருக்கும். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, ஆறுமுக நாவலர் தன் பிரசங்கத்தைத் தொடங்கினார். பாதிரிமார்களின் சர்ச் பிரசங்கத்தைக் கூடவே இருந்து பார்த்தவர் அவர். அந்த முறையை எடுத்துச் சைவத்துக்குப் பயன்படுத்தினார். அரசியலை எடுத்துக்கொண்டால், 1890-களில் சென்னையில் படித்தவர்கள் கூட்டம் என்றால் மேடைமொழி ஆங்கிலம்தான். சாதாரண மக்களுக்குத் தமிழில் அரசியல் பேசுவது 1907, 1908 சுதேசி நாட்களில்தான் பெரிதாகக் கிளம்பியது.

அப்போ நம்ம ஊர்ல இந்த வடிவமே புதுசு. ஒரு ஆள், வேஷம் இல்லாம, பாட்டு இல்லாம, தன் கருத்தை ஊர் முன்னாடி வெக்கறது. நடுங்கினா அதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்லை.

நடுங்கி வந்த இன்னொரு மனிதர்

1893-ல் தென்னாப்பிரிக்கா. ரயிலில் இருந்து இறக்கிவிடப்பட்ட கதை உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு பிரிட்டோரியாவில், இந்திய வியாபாரிகள் கூடிய ஒரு வீட்டில், தன் முதல் பொதுப் பேச்சைப் பேசினார். தலைப்பு, வியாபாரத்தில் உண்மை. அங்கே பேச்சு வந்தது. கோர்ட்டிலும் வாதாட ஆரம்பித்தார்.

1894-ல் டர்பனில் தொழில் தொடங்கிச் சில மாதங்கள்தான் இருக்கும். ஒரு தமிழர் ஆபீஸுக்குள் வந்தார். கிழிந்த துணி. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம். நடுங்கிக்கொண்டு அழுதார். பெயர் பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலி. வெள்ளைக்கார முதலாளி அடித்திருக்கிறார். காந்தியின் குமாஸ்தாவும் தமிழர்தான், அவர்தான் கேட்டுச் சொன்னார்.

ஒப்பந்தக் கூலி என்றால் என்ன? 1860 நவம்பர் 16-ல் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுபோன கப்பல் அது. ஐந்து வருஷ ஒப்பந்தம். நடுவில் முதலாளியை விட்டுப் போனால் அது கிரிமினல் குற்றம், ஜெயில். அடித்தாலும் ஓட முடியாது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் கதை வேறு சட்டத்தில், அதே மாதிரியான கஷ்டத்தில் நடந்தது. சேலம், திருச்சி, தஞ்சாவூர் ஜில்லாக்களில் அப்படி ஆள் போகாத பகுதி குறைவு. இந்தச் சேர்வராயன் மலையிலும் 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் காபி வந்த பிறகு, தோட்ட வேலைக்கு ஆட்கள் மலையேறினார்கள். என் அம்மாயி குடும்பம் அந்த வரிசையில ரொம்பப் பின்னாடி வந்தவங்க.

காந்தி பாலசுந்தரத்தை ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்று வாங்கினார். மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப்போனார். முதலாளிக்குத் தண்டனை வாங்கித் தருவது அவர் நோக்கம் இல்லை; பாலசுந்தரத்தை அவரிடமிருந்து விடுவிக்க வேண்டும். வேறொரு முதலாளியைத் தேடிப்பிடித்து, ஒப்பந்தத்தை அவருக்கு மாற்றவைத்தார். செய்தி ஒப்பந்தக் கூலிகள் எல்லோருக்கும் பரவியது. சென்னை வரைக்கும் வந்தது.

இதற்குள் ஒரு சின்ன விஷயம். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது, வெள்ளைக்காரரைப் பார்க்கப் போகும் கூலிகள் செய்தாக வேண்டிய மரியாதை. அதே மரியாதையை இந்தியரான தனக்கும் பாலசுந்தரம் காட்டுவதைப் பார்த்து காந்திக்கு அவமானமாக இருந்தது. கட்டிக்கொள்ளச் சொன்னார். தயங்கித் தயங்கித்தான் கட்டிக்கொண்டார். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

எனக்கு இந்தக் காட்சி ரொம்ப முக்கியமாப் படுது. மேடையில நடுங்கினவர் முன்னாடி, அடி வாங்கி நடுங்கற ஒருத்தர். ரெண்டு நடுக்கமும் ஒண்ணு இல்லை. ஒருத்தருக்கு, நாலு பேர் என்ன நினைப்பாங்களோங்கற பயம். இன்னொருத்தருக்கு, திரும்பிப் போனா உயிர் மிஞ்சுமாங்கற பயம்.

பம்பாய்: பயம் திரும்பி வந்த நாள்

1896-ல் காந்தி ஊருக்கு வந்தார். ராஜ்கோட்டில் உட்கார்ந்து தென்னாப்பிரிக்க இந்தியர்களின் நிலைமை பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். எழுதி அச்சிட ஒரு மாசம் போல ஆனது. அட்டை பச்சை நிறம், அதனால் ‘பச்சைப் புத்தகம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. பத்தாயிரம் பிரதிகள். தபாலில் அனுப்பும் வேலைக்குத் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். கூலியாகத் தன்னிடம் இருந்த பழைய தபால்தலைகளைக் கொடுத்தார்.

செப்டம்பர் 26, பம்பாய். சர் காவஸ்ஜி ஜஹாங்கிர் இன்ஸ்டிட்யூட் மண்டபம். ஏற்பாடு செய்தவர் ஃபெரோஸ்ஷா மேத்தா, பம்பாயின் முடிசூடா மன்னர் என்று பெயர் வாங்கிய வக்கீல். முதல் நாள் அவர் காந்தியைக் கேட்டார், பேச்சைத் தயார் செய்தாயிற்றா என்று. இல்லை, அப்படியே பேசலாம் என்றிருக்கிறேன் என்றார் காந்தி. பம்பாயில் அது சரிப்படாது, இங்கே நிருபர்கள் எழுதுவதை நம்ப முடியாது, எழுதி ராத்திரியோடு ராத்திரியாக அச்சடித்துவிட வேண்டும் என்றார் மேத்தா. காந்தியின் அக்காள் கணவர் இறந்துபோயிருந்த நேரம் அது. அந்தத் துக்கத்தோடுதான் உட்கார்ந்து எழுதினார்.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. மைக் கிடையாத காலம். படிக்க ஆரம்பித்தார். உடம்பு நடுங்கியது. சத்தமாக, இன்னும் சத்தமாக என்று மேத்தா உற்சாகப்படுத்தினார். அவர் சொல்லச் சொல்ல இவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. நண்பர் கேசவராவ் தேஷ்பாண்டே தாளை வாங்கிப் படித்தார். கூட்டம் அதையும் கேட்கவில்லை. வாச்சா, வாச்சா என்று கத்தினார்கள். தின்ஷா வாச்சா எழுந்து படித்தார். மண்டபம் அமைதியானது. தேவையான இடத்தில் கைதட்டல், தேவையான இடத்தில் வெட்கக்கேடு என்ற கூச்சல்.

இந்த இடத்தை நான் பல தடவை யோசிச்சிருக்கேன். மூணு வருஷமா தென்னாப்பிரிக்காவுல கோர்ட்லயும் கூட்டத்துலயும் பேசினவர் இவர். பயம் போயிடுச்சுன்னு நினைச்சிருப்பார். அது போகல. பெரிய மண்டபம், பெரிய மனுஷங்க, வீட்டுல சாவு, ராத்திரி தூக்கம் இல்லை. பயம் திரும்பி வந்துடுச்சு. மேடை பயத்தை ஒரு தடவை ஜெயிச்சா முடிஞ்சதுன்னு சொல்ற வீடியோக்கள் நிறைய இருக்கு. இவர் கதை அப்படிச் சொல்லல.

ஆனா இன்னொண்ணும் நடந்தது. குரல் போன பிறகும் தாள் அங்கேயே இருந்தது. வேற ஒருத்தர் வாயால அது மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மேத்தாவுக்கும் பேச்சு பிடிச்சது.

சென்னை: அக்டோபர் 26

பம்பாயிலிருந்து பூனா. அங்கே திலகர், கோகலே, பண்டார்கர் எல்லோரையும் பார்த்துவிட்டு அக்டோபரில் சென்னை வந்தார். அங்கே அவருக்கு அதிகம் உதவியவர் ‘மெட்ராஸ் ஸ்டாண்டர்டு’ பத்திரிகை ஆசிரியர் ஜி. பரமேஸ்வரன் பிள்ளை. தென்னாப்பிரிக்க விஷயத்தை நன்றாகப் படித்து வைத்திருந்தவர். காந்தியை அடிக்கடி தன் ஆபீஸுக்குக் கூப்பிட்டு வழி சொன்னார். ‘ஹிந்து’வின் ஜி. சுப்பிரமணிய ஐயரும் ஆதரவு. 1882-ல் ‘சுதேசமித்திரன்’ ஆரம்பித்தவர் அவர்தான். பின்னால் பாரதி வேலைக்குச் சேர்ந்த பத்திரிகை.

1896 அக்டோபர் 26, பச்சையப்பன் மண்டபம். ஜார்ஜ் டவுனில் இன்னைக்கும் அந்தக் கட்டடத்தைப் பார்க்கலாம். கிரேக்கக் கோயில் மாதிரி பெரிய தூண்கள். ஏதென்ஸில் இருக்கும் ஒரு கோயிலை மாதிரியாக வைத்து 1850-ல் கட்டி முடித்தது. கூட்டத்தை நடத்தியது சென்னை மகாஜன சபை. பேசுகிறவருக்கு இருபத்தேழு வயது.

பேச்சு இங்கேயும் அச்சடித்ததுதான். அவர் வழக்கத்துக்கு நீளமான பேச்சு. ஆனால் கூட்டம் ஒவ்வொரு வார்த்தையையும் கவனமாகக் கேட்டது. பாலசுந்தரத்தின் கதை அவர்களை உலுக்கிவிட்டது. முடிந்ததும் பச்சைப் புத்தகத்துக்கு அடிதடி. அந்த உற்சாகத்தில் திருத்திய இரண்டாம் பதிப்பு இன்னொரு பத்தாயிரம் போட்டார். அவ்வளவு தேவைப்படவில்லை, கொஞ்சம் அதிகமாகத்தான் போட்டுவிட்டேன் என்று அவரே பின்னால் ஒத்துக்கொள்கிறார்.

சரி, ஒரு மாசத்துல என்ன மாறுச்சு? ஆள் மாறல. தாளைப் பார்த்துப் படிக்கறதும் மாறல. எனக்குத் தோணறது மூணு.

முதல் விஷயம், கேட்கறவங்க. நேட்டாலுக்குப் போன கூலிகள்ல பெரும்பகுதி சென்னையிலதான் கப்பல் ஏறினாங்க. பம்பாய்க்காரங்களுக்கு இது வருத்தமான செய்தி, சென்னைக்காரங்களுக்குத் தன் வீட்டுச் செய்தி.

ரெண்டாவது, தயாரிப்பு. பம்பாய்ல ஒரு ராத்திரி. சென்னையில பல நாள், விஷயம் தெரிஞ்ச ஒரு ஆசிரியரோட ஆபீஸ்ல உட்கார்ந்து பேசிப் பேசித் தெளிவான பேச்சு. தனியா உட்கார்ந்து மனப்பாடம் பண்றதும், கேள்வி கேட்கற ஒரு மனுஷர்கிட்ட முதல்லயே சொல்லிப் பார்க்கறதும் வேற வேற.

மூணாவது, பாலசுந்தரம். அந்த மண்டபத்துல எல்லார் கண்ணும் காந்தி மேல இருந்திருக்கலாம். மனசு அங்க இல்லாத ஒரு மனுஷன் மேல இருந்தது. ரெண்டு பல் உடைஞ்ச, தலைப்பாகையைக் கையில பிடிச்சிருக்கற மனுஷன். நம்மைப் பத்தி என்ன நினைக்கறாங்கங்கற கேள்விக்கு அங்க இடமே இல்லாம போச்சு. இது என் ஊகம்தான், ஆனா அன்னைக்குப் பேச்சுல நடுங்கினதா அவர் எதுவும் எழுதி வைக்கல.

பேச்சுக்கு விலை

இதோட முடிச்சா நல்ல மோட்டிவேஷன் கதை. ஆனா வரலாறு அங்க நிக்கல.

பச்சைப் புத்தகத்தின் சுருக்கம் என்று ராய்ட்டர் ஒரு சின்னத் தந்தியைக் கொடுத்தது. அது நேட்டால் போய்ச் சேரும்போது விஷயம் ஊதிப் பெரிதாகியிருந்தது. நேட்டால் வெள்ளைக்காரர்களை காந்தி இந்தியாவில் அசிங்கப்படுத்திவிட்டார் என்று டர்பனில் கொந்தளிப்பு. டிசம்பரில் காந்தி குடும்பத்தோடு போன கப்பலையும் கூடவே வந்த இன்னொரு கப்பலையும் இருபத்துமூன்று நாள் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்தி வைத்தார்கள். 1897 ஜனவரி 13-ல் இறங்கினார். தெருவில் கூட்டம் சூழ்ந்தது. கல், செங்கல், அழுகிய முட்டை. தலைப்பாகையைப் பிடுங்கினார்கள். உதை விழுந்தது. ஒரு வீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மயங்கும் நிலையில் நின்றார். அந்த வழியாக வந்த போலீஸ் அதிகாரியின் மனைவி, திருமதி அலெக்சாண்டர், குடையை விரித்துக் கூட்டத்துக்கும் அவருக்கும் நடுவே நின்றார்.

அன்று ராத்திரி நண்பர் வீட்டையும் கூட்டம் சூழ்ந்தது. இந்தியக் கான்ஸ்டபிள் வேஷத்தில் தப்பினார். தலைக்கு ஹெல்மெட் மாதிரி தெரிய ஒரு தட்டு. அதன்மேல் சுற்றியது ஒரு மதராஸ் துண்டு!

அப்புறம்தான் மேத்தாவின் பிடிவாதம் வேலை செய்தது. கப்பலில் இருந்து இறங்கிய அன்றே ஒரு நிருபர் காந்தியைப் பேட்டி கண்டார். இந்தியாவில் பேசிய எல்லாப் பேச்சும் எழுத்தில் இருந்தது, பிரதி கையில் இருந்தது. எடுத்துக் காட்டினார். தென்னாப்பிரிக்காவில் ஏற்கெனவே சொன்னதைவிடக் கடுமையாக ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. பேட்டி வெளியானது. பத்திரிகைகள் அவர்மேல் தப்பில்லை என்று எழுதின. தன்னை அடித்தவர்கள்மேல் வழக்குப் போடவும் அவர் மறுத்துவிட்டார்.

கவனிச்சீங்களா? பம்பாய்ல கை நடுங்கப் பிடிச்சிருந்த அதே தாள்தான் டர்பன்ல அவர் பேரைக் காப்பாத்துச்சு.

பேச்சுக்கு விலை உண்டுன்னு நம்ம பக்கமும் தெரிஞ்சுக்கிட்டாங்க. 1908-ல் தூத்துக்குடிப் பேச்சுகளுக்காகச் சுப்பிரமணிய சிவாவுக்கும் வ.உ.சி.க்கும் நாடுகடத்தல் தண்டனை. அப்பீலில் குறைந்தாலும் வருஷக்கணக்கில் சிறை. சிவா தொழுநோயோடு வெளியே வந்தார். ரயிலில் ஏறக் கூடாது என்று தடை. நடந்தே ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1925-ல் அவர் இறந்தது பாப்பாரப்பட்டியில். இப்போ தர்மபுரி மாவட்டம், அப்போ சேலம் ஜில்லா. நான் நிக்கற இந்த மலைக்கு வடக்குப் பக்கம்.

அதனால பயத்தை முட்டாள்தனம்னு நான் சொல்ல மாட்டேன். சொன்ன வார்த்தை திரும்பி வரும்னு உடம்புக்குத் தெரியும். அந்த பயம் ஒரு வேலை செய்யும், அளந்து பேச வைக்கும். காந்தியும் பிற்காலத்தில் தன் கூச்சத்தைப் பற்றி அப்படித்தான் நினைத்தார். சொல்லைக் குறைத்துப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தது அதுதான் என்றார். கூச்சம் முழுசாகப் போய்விட்டது என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

இந்தத் தோல்விகள் எல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? அவரே எழுதினார். 1925-லிருந்து 1929 வரை, ‘நவஜீவன்’ பத்திரிகையில் வாரா வாரம் குஜராத்தியில் வந்த தொடர், தமிழில் ‘சத்திய சோதனை’. நாடே தலைவர் என்று கும்பிடுகிற நேரத்தில், முப்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு கோர்ட்டை விட்டு ஓடியதை உட்கார்ந்து எழுதினார். பச்சையப்பன் மண்டபத்தைவிட அதுக்குத்தான் அதிகத் துணிச்சல் வேணும்னு எனக்குத் தோணுது.

பனி விலக ஆரம்பிச்சிருக்கு. கீழே ரோடு ஒண்ணு கோடு மாதிரி தெரியுது.

இன்னைக்கு சாயங்காலம் கடைசி அமர்வு. விட்டுப் போனவங்க படிக்கலாம்னு சொல்லியிருக்காங்க. கீழே போனதும் பஜார்ல ஒரு பிரிண்ட் அவுட் எடுக்கணும், ரெண்டு பிரதி. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணை, கூடத் தங்கியிருக்கற நண்பர்கிட்ட இப்பவே கொடுத்துப் படிச்சுக் காட்டப் போறேன். சாயங்காலம் என் குரல் நின்னுபோச்சுன்னா, அங்கிருந்து அவர் படிக்கணும். அம்மாயியோட கதை அந்த முப்பது பேருக்கும் போய்ச் சேரணும்.

படிச்சேனா, அவர் படிச்சாரான்னு அடுத்த வாரம் சொல்றேன்.